ஆங்கிலச் சொல்லுக்குப் பிரெஞ்சு தேட எதைத் திறப்பது?

பிரெஞ்சு படிக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் அதற்குள் போகிறார்கள். பள்ளியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள், கனடா பி.ஆருக்காக (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) டெஃப், டி.சி.எஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள், பாரிஸ் கிளையோடு மெயிலில் பேச வேண்டிய ஐ.டி. ஊழியர்கள் என்று யாராக இருந்தாலும், மனதில் முதலில் வருவது ஒரு ஆங்கிலச் சொல்தான். அதற்குப் பிரெஞ்சில் என்ன என்று தேடுகிறார்கள். தமிழ்-பிரெஞ்சு அகராதியே கிடையாது என்றில்லை. மூசே, துப்புயி என்ற இரண்டு பாதிரியார்கள் தொகுத்த அகராதி 1855-லும் 1862-லும் இரண்டு பாகங்களாகப் புதுச்சேரியில் வெளிவந்தது. பெரிய உழைப்பு அது. ஆனால் இன்சூரன்ஸ் பாலிசியையும் சாஃப்ட்வேர் மேனுவலையும் பிரெஞ்சில் எழுத வேண்டியவருக்கு அது உதவாது. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையில் இன்று இருக்கிற வசதி வேறு எந்த மொழி ஜோடிக்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

வசதி இவ்வளவு இருப்பதால்தான் குழப்பமே வருகிறது. கூகுள் டிரான்ஸ்லேட், டீப்எல், வேர்ட்ரெஃபரன்ஸ், லிங்குவீ, ரெவர்சோ, லரூஸ், காலின்ஸ், கனடா அரசின் டெர்மியம், கனடாவில் பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக்கின் அரசு நடத்தும் கலைச்சொல் அகராதி, பிரான்ஸ் அரசின் ஃபிரான்ஸ்டெர்ம், இப்போது சாட்ஜிபிடி வகையறாக்களும். எல்லாமே இலவசமாகவோ இலவசப் பதிப்போடோ கிடைக்கின்றன. எதை எப்போது திறப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைச் சொல்லைத் தேடும்போது முதலில் திறக்க வேண்டியது ஆட்கள் உட்கார்ந்து தொகுத்த அகராதி. மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் போவது முழு வாக்கியம் கையில் இருக்கும்போது மட்டும். வேலை, படிப்பு, அரசு சம்பந்தப்பட்ட சொல் என்றால், எந்த நாட்டுக்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தேடவே ஆரம்பிக்க வேண்டும். நான் பார்த்த வரை பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் இயந்திரம், ஏதாவது இடித்தால் அகராதி, நாட்டைப் பற்றிய யோசனையே கிடையாது.

ஒரு சிறு குறிப்பு: பிரெஞ்சுச் சொற்களை இங்கே காதில் கேட்கிறபடி தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, வாசிப்பது இன்னொன்று.

'பில்' என்ற ஒரு சொல்

நமக்கு எல்லாமே பில்தான். ஓட்டலில் பில், கரண்ட் பில், மளிகைக் கடை பில், நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்வதும் பில். ஆங்கிலத்திலும் அப்படியே. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாரிஸில் சாப்பிட்டு முடித்ததும் கேட்க வேண்டியது 'லதிசியோன்'. தங்கும் ஓட்டலில் அறையைக் காலி செய்யும்போது தருவது 'லா நோட்'. மின்சாரத்துக்கும் தொலைபேசிக்கும் வருவது 'லா ஃபக்த்யூர்'. நாடாளுமன்றத்தில் இருப்பது 'ல ப்ரோஷெ த லுவா'. அமெரிக்கர்கள் பணத்தாளையும் பில் என்பார்கள், அது 'ல பியே'. பறவையின் அலகு 'ல பெக்'. இதற்கு மேல், கியூபெக்கின் மான்ட்ரியல் நகரில் சாப்பாட்டுக் கடையிலும் 'ஃபக்த்யூர்' என்று கேட்பது சகஜம்.

இந்த ஒரு சொல்லை வைத்தே எல்லா வழிகளையும் சோதித்துப் பார்க்கலாம். இயந்திரத்தில் 'பில்' என்று மட்டும் அடித்தால் அது ஒரு விடையைப் பெரிய எழுத்தில் காட்டும். மற்ற விடைகள் கீழே சின்னதாக இருக்கலாம், ஆனால் கண் முதல் விடையிலேயே நின்றுவிடும். எந்த பில் என்று நீங்கள் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. அகராதியைத் திறந்தால், பதில் சொல்வதற்கு முன்பே அது உங்களைக் கேள்வி கேட்கிறது: சாப்பாட்டுக் கடை பில்லா, சட்ட மசோதாவா, பணத்தாளா, அலகா? அந்தக் கேள்வி நமக்கு அவசியம் தேவை. ஒரு ஆங்கிலச் சொல்லுக்குள் எத்தனை பொருள் அடைந்து கிடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இணைய அகராதிகளில் என் முதல் தேர்வு வேர்ட்ரெஃபரன்ஸ். 1999-இல் மைக்கேல் கெல்லாக் என்பவர் தொடங்கியது. பக்கம் பார்க்க அழகாக இருக்காது, விளம்பரமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பொருளையும் தனி வரியாகப் பிரித்து, பக்கத்தில் எந்தச் சூழலுக்கானது என்று சிறு குறிப்பு போட்டு, இரண்டு மொழியிலும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்பது கூடவே இருக்கும். பிரெஞ்சில் பால் தெரியாமல் ஒரு பெயர்ச்சொல்லைக் கற்பது பாதி வேலைதான். 'ஃபக்த்யூர்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் வாக்கியம் எழுதும்போது 'ல'வா 'லா'வா என்று நின்றுவிடுவார், பெயரடையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டுமே. அதே பக்கத்தில் காலின்ஸ் அகராதிக்கும் ஒரு தாவல் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். வேர்ட்ரெஃபரன்ஸின் பலவீனம் புதுத் தொழில்நுட்பச் சொற்கள். அன்றாடச் சொற்களில் அதை மிஞ்சுவது கடினம்.

லரூஸின் ஆங்கிலம்-பிரெஞ்சு அகராதியும் இணையத்தில் இலவசம். சுத்தமானது, சுருக்கமானது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். அச்சு அகராதி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்வேன். 1978-இல் முதல் பதிப்பு வந்த ரொபேர்-காலின்ஸ் ஒன்று, 1994-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு-அஷெட் இன்னொன்று. பின்னது நிஜமான எழுத்துகளைக் கணினியில் சேர்த்து வைத்து, சொல் எப்படிப் புழங்குகிறது என்று பார்த்து உருவாக்கப்பட்டது. ஆங்கிலம்-பிரெஞ்சில் அப்படி வந்த முதல் அகராதி அதுதான். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கனம் அதிகம்தான், ஆனால் ஒரு சொல்லைத் தேடப்போய் அதே பக்கத்தில் இன்னும் நாலு சொல் கண்ணில் படுவது அச்சில் மட்டும்தான் நடக்கிறது.

நல்ல அகராதியின் அருமை நுணுக்கமான இடங்களில் தெரியும். ஆங்கிலத்தில் ஆறு என்றால் 'ரிவர்', முடிந்தது. பிரெஞ்சில் கடலில் போய்ச் சேரும் பெரிய ஆறு 'ஃப்லேவ்', இன்னொரு ஆற்றில் கலக்கும் ஆறு 'ரிவியேர்'. அந்தக் கணக்குப்படி காவிரி ஃப்லேவ். பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் ரிவியேர். இதைக் குறிப்பாகச் சொல்கிற அகராதிதான் வேண்டும். 'தெரியும்' என்பதற்கும் அப்படித்தான்: ஒரு விஷயம் தெரியும் என்றால் 'சவுவார்', ஒரு ஆளையோ ஊரையோ தெரியும் என்றால் 'கொனேத்ர்'. தமிழும் ஆங்கிலமும் ஒரே சொல்லால் சமாளிக்கிற இடத்தில் பிரெஞ்சு இரண்டு வைத்திருக்கிறது.

வாக்கியக் கிடங்குகள்

அகராதி சொல்லைத் தந்துவிட்டது. அதை எந்த வினையோடு சேர்ப்பது, முன்னால் என்ன இடைச்சொல் வரும் என்பதற்கு லிங்குவீயும் ரெவர்சோ கான்டெக்ஸ்ட்டும் உதவும். இரண்டும் இரு மொழியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளைப் பக்கம் பக்கமாக வைத்து, நீங்கள் தேடும் சொல் வரும் இடங்களைக் காட்டுகின்றன. இவற்றுக்குள் என்ன கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

லிங்குவீ 2009-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கியது. அதன் வாக்கியங்களில் பெரும் பங்கு ஐரோப்பிய ஒன்றிய ஆவணங்களும் நிறுவனங்களின் இருமொழி இணையப் பக்கங்களும். ஆகவே அதில் கிடைக்கும் பிரெஞ்சு கோட்டு சூட்டு போட்ட பிரெஞ்சு. ஒப்பந்தம், அறிக்கை, வணிகக் கடிதம் எழுதுபவருக்கு இதைவிட நல்லது இல்லை. நண்பருக்கு மெசேஜ் அனுப்ப அதிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்தால் தாசில்தார் ஆபீஸ் கடிதம் போல இருக்கும். ரெவர்சோ பிரான்ஸ் நிறுவனம். அதில் திரைப்பட, தொடர் வசனங்களின் சப்டைட்டில்கள் நிறைய. பேச்சு மொழிக்கு அருமை, கொச்சைச் சொற்கள் எப்படிப் புழங்குகின்றன என்பதையும் காட்டும். ஆனால் சப்டைட்டில் எழுதுபவர் திரையில் இடம் போதவில்லை என்று பாதியை விட்டிருப்பார், அல்லது வசனத்தையே மாற்றியிருப்பார். ரெவர்சோ அந்த இரண்டையும் சமமென்று பக்கத்தில் நிறுத்திவிடும். ஒரு வரியில் மட்டும் பார்த்த பொருளை நம்ப வேண்டாம். பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பிரெஞ்சு வாக்கியம் முதலில் பிரெஞ்சில் எழுதப்பட்டதா, ஆங்கிலத்திலிருந்து வந்ததா என்று தெரியாது. மோசமான மொழிபெயர்ப்பும் கிடங்கில் சரக்காகவே இருக்கும். லிங்குவீ சரிபார்க்கப்படாத மூலங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் குறி போடுகிறது, அதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. யார் எழுதிய பக்கம் என்பது வாக்கியத்துக்கு அருகிலேயே இருக்கும். ஒன்றியத்தின் சட்ட ஆவணமா, யாரோ அவசரமாகப் போட்ட சுற்றுலாப் பக்கமா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுங்கள்.

இயந்திரத்துக்கு வாக்கியம் கொடுங்கள்

டீப்எல் 2017-இல் வந்தது. லிங்குவீயை நடத்தியவர்களே தொடங்கியது என்பதால் லிங்குவீ சேர்த்து வைத்த இருமொழி வாக்கியங்களே அதற்கு அடித்தளம். கூகுள் டிரான்ஸ்லேட் 2006-லிருந்து இருக்கிறது, 2016-க்குப் பிறகு அதன் தரம் வெகுவாக ஏறியது. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு என்றால் டீப்எல்லின் நடை எனக்கு இயல்பாகப் படுகிறது. கூகுளுக்கு உள்ள பலம் வேறு. கேமராவைக் காட்டினால் மெனு கார்டைப் படித்துச் சொல்லும், பிரெஞ்சு கோப்பை முன்னாலேயே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். பயணத்தில் அதுதான் கைகொடுக்கும்.

இந்த இயந்திரங்கள் சுற்றியுள்ள சொற்களை வைத்துத்தான் பொருளை ஊகிக்கின்றன. சுற்றி எதுவுமே இல்லாத ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் ஊகிக்க வழியில்லை. ஆகவே சொல்லைத் தேடுவதற்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தியே தீருவேன் என்பவர்கள், சொல்லை ஒரு சின்ன வாக்கியத்துக்குள் வைத்துக் கொடுங்கள். 'வெயிட்டர், பில் ப்ளீஸ்' என்று கொடுத்தால் சாப்பாட்டுக் கடை என்பது அதற்குப் புரிந்துவிடும். இந்த ஒரு பழக்கம் வந்தால் பாதித் தவறு குறையும்.

நீ, நீங்கள் விஷயத்தில் மட்டும் வாக்கியம் கொடுத்தாலும் போதாது. ஆங்கிலத்தின் 'யூ'வில் அந்த வேறுபாடே கிடையாது, பிரெஞ்சில் 'த்யூ', 'வூ' என்று இரண்டு உண்டு. 'நீங்கள் எப்போது வருகிறீர்கள்' என்று தமிழில் தெளிவாக நினைத்தவர், அதை ஆங்கிலமாக்கி இயந்திரத்தில் போட்டதும் அந்த மரியாதையைத் தொலைத்துவிடுகிறார். இயந்திரம் தானாக ஒன்றைப் போடும், சில நேரம் ஒரே கடிதத்தில் பாதி த்யூ, பாதி வூ என்று கலந்துவிடும். இங்கே ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழிலிருந்தே யோசிப்பது மேல், ஆனால் அப்படியே பொருத்திவிடக் கூடாது. நம் வீடுகள் பலவற்றில் அப்பாவை 'நீங்கள்' என்போம். பிரெஞ்சுப் பிள்ளைகள் அப்பா அம்மாவை 'த்யூ' என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முன்பின் தெரியாதவர், கடைக்காரர், நேர்காணல் எடுப்பவர் என்றால் 'வூ'.

எந்த நாட்டுப் பிரெஞ்சு?

இதைத்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள், இதற்கான விலையும் அதிகம். பயோடேட்டாவை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் சென்னையில் பி.எஸ்ஸி முடித்திருக்கிறார். 'பேச்சலர்ஸ் டிகிரி' என்பதற்குப் பிரெஞ்சில் தேடுகிறார். கியூபெக்கில் அதற்கு 'பக்கலோரியா'. அப்படியே எழுதி அதே பயோடேட்டாவைப் பாரிஸுக்கும் அனுப்புகிறார். பிரான்ஸில் பக்கலோரியா என்பது பள்ளி இறுதித் தேர்வு, நம் பிளஸ் டூ மாதிரி. படிப்பவர் இந்த ஆள் பள்ளியோடு நின்றுவிட்டார் என்று நினைப்பார். பிரான்ஸில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குப் பெயர் 'லிசான்ஸ்'. ஆங்கிலத்தின் 'லைசென்ஸ்' போலவே தெரிகிறது, ஆனால் வண்டி ஓட்டும் லைசென்ஸ் பிரெஞ்சில் 'பெர்மி த கோந்துயீர்'. பிரான்ஸில் தனியார் கல்வி நிலையங்கள் சில 'பாஷ்லர்' என்ற பெயரிலேயே படிப்பு நடத்துவதால் இன்னும் கொஞ்சம் குழப்பம் சேர்கிறது.

அடுத்து, 'காலேஜ்'. பிரான்ஸில் 'கொலேஷ்' என்றால் ஏறக்குறைய நம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. அதற்கு மேல் 'லிசே'. மூன்று வருடம் கொலேஷில் படித்தேன் என்று பாரிஸில் யாரிடமாவது சொன்னால், நடுநிலைப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றுதான் புரியும். கியூபெக்கிலோ கொலேஷ் என்பது பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இருக்கும் படிப்பு. ஆக, நாம் சொல்கிற காலேஜுக்கு இரண்டு நாட்டிலும் கொலேஷ் பொருந்தாது, 'யுனிவெர்சித்தே' என்று எழுதுவதே நெருக்கமானது.

பி.இ. படித்தவர்களுக்கு இன்னொரு கண்ணி. பிரான்ஸில் 'திப்ளோம் தேன்ஷெனியர்' என்ற பொறியாளர் பட்டம் பள்ளி முடித்த பின் ஐந்தாண்டுப் படிப்பு, முதுகலை நிலைக்குச் சமம். அந்தப் பட்டத்தைத் தரும் நிறுவனங்களைக் கண்காணிக்க 1934-லிருந்தே தனி ஆணையம் இருக்கிறது. நம் நாலாண்டு பி.இ.க்கு அந்தப் பெயரைப் போட்டால் இல்லாத தகுதியைச் சொன்னதாகிவிடும். கியூபெக்கில் இன்னும் கண்டிப்பு. அங்குள்ள பொறியாளர் சங்கத்தில் பதிவு பெறாதவர் 'ஏன்ஷெனியர்' என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளவே சட்டம் விடாது. பட்டத்தின் பெயரை அசலில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் பள்ளிக்குப் பிறகு எத்தனை ஆண்டு என்று போட்டுவிடுவது நல்லது. பிரான்ஸில் 'பக் பிளஸ் மூன்று', 'பக் பிளஸ் ஐந்து' என்றுதான் எல்லோரும் கணக்குச் சொல்கிறார்கள் (பக் என்பது பக்கலோரியாவின் சுருக்கம்). படிப்பு விவரத்துக்குத் தலைப்பாக 'எதுகசியோன்' என்று எழுத வேண்டாம். அது அங்கே பெரும்பாலும் வளர்ப்பு முறையைக் குறிக்கும் சொல். 'ஃபொர்மசியோன்' என்பதே தலைப்பு.

ஒற்றை விடை தரும் கருவி எதுவும் இதைச் சொல்லாது. இங்கேதான் அரசுகள் நடத்தும் கலைச்சொல் தளங்கள் வருகின்றன. கனடாவுக்குப் போகிறவர்கள் டெர்மியம் பிளஸ்ஸைப் புக்மார்க் செய்துகொள்ளுங்கள். 1934-இல் அமைக்கப்பட்ட கனடா அரசின் மொழிபெயர்ப்புத் துறை நடத்துவது. துறைவாரியாகப் பிரித்து, எந்தச் சொல் சரி, எதைத் தவிர்க்க வேண்டும் என்ற குறிப்போடு தருகிறது. வரி, குடியேற்றம், தொழிலாளர் சட்டம் போன்றவற்றில் கனடா அரசு தானே எழுதும் சொல் அதில் இருக்கும். கியூபெக்கின் மொழி அலுவலகம் 1961-இல் தொடங்கியது. 1977-இல் வந்த சட்டம் 101 பிரெஞ்சை அங்கே வேலையிடத்திலும் வணிகத்திலும் கட்டாயமாக்கியது. அந்த அலுவலகத்தின் பெரிய கலைச்சொல் அகராதி, ஒரு சொல் எந்த நாட்டில் புழங்குகிறது என்றும் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த தளம் இதுதான். புதிதாக ஒரு ஆங்கிலச் சொல் வந்தால் பதறாமல் உட்கார்ந்து, விளக்கம் எழுதி, மாற்றுச் சொல் தருகிறார்கள்.

கியூபெக்கின் இந்த அக்கறை தெருவிலேயே தெரியும். பிரான்ஸில் சாலைச் சந்திப்பில் உள்ள சிவப்புப் பலகையில் 'ஸ்டாப்' என்று எழுதியிருக்கும், கியூபெக்கில் 'அரே'. வாரக் கடைசி பிரான்ஸில் 'வீக்கெண்ட்', கியூபெக்கில் 'ஃபேன் த செமேன்'. வண்டி நிறுத்துமிடம் பிரான்ஸில் 'பார்க்கிங்', அங்கே 'ஸ்தசியோன்மான்'. சாப்பாட்டு நேரங்களும் மாறும்: பிரான்ஸில் 'தெஷெனே' மதிய உணவு, கியூபெக்கில் காலை உணவு. மதியம் சாப்பிடக் கூப்பிட்டதைக் காலை உணவு என்று நினைத்து ஒருவர் காலையிலேயே போய் நிற்கலாம்.

பிரான்ஸ் அரசும் சும்மா இல்லை. 1994-இல் வந்த தூபோன் சட்டம் விளம்பரம், ஒப்பந்தம், அரசு ஆவணம் ஆகியவற்றில் பிரெஞ்சைக் கட்டாயமாக்கியது. 1996-இல் அமைத்த ஆணையம் ஆங்கிலச் சொற்களுக்கு மாற்று கண்டுபிடித்து அரசிதழில் வெளியிடுகிறது. அரசு அலுவலகங்கள் அவற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். அவையெல்லாம் ஃபிரான்ஸ்டெர்ம் தளத்தில் இருக்கின்றன. ஆனால் அரசிதழில் வந்ததெல்லாம் வாயில் வருவதில்லை. இமெயிலுக்குக் 'கூரியெல்' என்று 2003-இல் வெளியிட்டார்கள். கியூபெக்கில் அதுதான் அன்றாடச் சொல், பிரான்ஸில் பலர் 'மெயில்' என்றே சொல்கிறார்கள். 2013-இல் ஹேஷ்டேகுக்கு 'மோ-தியேஸ்', 2018-இல் ஸ்மார்ட்போனுக்கு 'மொபில் மூல்த்திஃபோன்க்சியோன்' என்று அறிவித்தார்கள். பாரிஸ் மெட்ரோவில் யாரும் அப்படிப் பேசக் கேட்க முடியாது. அதற்காக இந்த முயற்சி வீண் என்று நான் நினைக்கவில்லை. 1955-இல் ஐ.பி.எம். கேட்டபோது ழாக் பெரே என்ற பேராசிரியர் கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினாத்தர்' என்று எழுதிக்கொடுத்தார். இன்று பிரெஞ்சு பேசுபவர் யாருக்கும் அது உருவாக்கப்பட்ட சொல் என்ற நினைப்பே இல்லை. சாஃப்ட்வேருக்கு 'லொஜிசியெல்' என்பதும் அப்படி ஊன்றிவிட்டது. கணினி, மென்பொருள் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தப் போராட்டம் புரியும்.

ஆகவே ஃபிரான்ஸ்டெர்மை அரசு, சட்டம், டெண்டர் சம்பந்தப்பட்ட எழுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பரோடு பேச அது வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'இயாத்' என்ற கலைச்சொல் கிடங்கும் 2007-லிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு நம்பகமானது என்று குறியிட்டிருப்பார்கள். சட்ட மொழிபெயர்ப்பாளர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது அதிகப்படி.

சாட்ஜிபிடியைக் கேட்டால் என்ன?

கேட்கலாம். அகராதி தராத ஒன்றை இவை தருகின்றன: உங்கள் சூழலை முழுக்க விளக்கலாம். 'மான்ட்ரியலில் வீட்டு உரிமையாளருக்கு எழுதுகிறேன், மரியாதையாக இருக்க வேண்டும், இந்த மூன்று சொற்களில் எது பொருந்தும், ஏன்' என்று தமிழிலேயே கேட்டாலும் பதில் வரும். இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை விளக்கச் சொல்வதற்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனால் சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே தொனியில் சொல்லும். கியூபெக்கில் இப்படிச் சொல்வார்கள் என்று அடித்துச் சொன்னதைக் கலைச்சொல் அகராதியில் தேடினால் இல்லாமலும் போகலாம். அதனால் இதை நான் இரண்டாவது கருத்துக்காக மட்டும் வைத்திருக்கிறேன். சொல்லைப் பெற்றுக்கொண்டு, அகராதியில் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுகிறேன். அலுவலக ரகசியம், பாஸ்போர்ட் எண் இதையெல்லாம் எந்த இயந்திரத்திலும் ஒட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வழியில் சொல் கிடைத்தாலும் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லைப் பிரெஞ்சு-பிரெஞ்சு அகராதியில் போட்டுப் பார்க்க வேண்டும். ரொபேரும் லரூஸும் இணையத்தில் இலவசம். கியூபெக் பிரெஞ்சுக்கு ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் 'யூசிட்டோ' இருக்கிறது. இலக்கியம் படிப்பவர்களுக்கு 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்த பிரெஞ்சு மொழிக் கருவூல அகராதியும் இணையத்தில் கிடைக்கிறது. இந்தச் சோதனை முக்கியமாகப் பிடிப்பது போலி நண்பர்களை. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவாகத் தெரியும், ஆனால் பொருள் வேறான சொற்களுக்கு 1928-இல் கெஸ்லர், தெரொக்கினி என்ற இருவர் தங்கள் நூலில் வைத்த பெயர் அது, அப்படியே நிலைத்துவிட்டது. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் போயின. போன இடத்தில் ஒரு பொருள் எடுத்தன, பிறந்த இடத்தில் இன்னொரு பொருளுக்கு நகர்ந்தன. லைப்ரரி போலத் தெரியும் 'லிப்ரேரி' புத்தகக் கடை, நூலகம் 'பிப்லியோதெக்'. 'அக்த்யுவெல்மான்' என்றால் தற்போது, 'எவாந்த்யுவெல்மான்' என்றால் ஒருவேளை. மீட்டிங்கை அட்டெண்ட் செய்தேன் என்று சொல்ல நினைத்து 'அத்தாந்த்ர்' என்ற வினையைப் போட்டால் மீட்டிங்குக்காகக் காத்திருந்தேன் என்று பொருள். வேண்டிய வினை 'அசிஸ்தே'. ஜாமில் பிரிசர்வேட்டிவ் இருக்கிறதா என்று கேட்கப்போய் 'ப்ரெசெர்வாத்தீஃப்' என்று சொன்னால் ஆணுறை இருக்கிறதா என்று கேட்டதாகிவிடும். உணவில் சேர்ப்பது 'கோன்செர்வாத்தர்'.

ஒவ்வொருவருக்கும் என்ன போதும் என்று பார்த்தால், பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு லரூஸும் வேர்ட்ரெஃபரன்ஸும். இயந்திரத்தைப் பரீட்சை முடியும் வரை தள்ளி வைப்பது நல்லது, ஏனென்றால் பாலும் வினைத்திரிபும் கையால் தேடி எழுதினால்தான் மனதில் தங்கும். சுற்றுலாப் போகிறவருக்குக் கூகுள் மட்டுமே போதும். அலுவலகத்தில் மெயில் எழுதுபவர் டீப்எல்லில் வாக்கியமாகப் போட்டு, இடிக்கிற சொல்லை மட்டும் லிங்குவீயில் சரிபார்க்கலாம். டெஃப், டி.சி.எஃப் எழுதுகிறவர்களுக்கு வேர்ட்ரெஃபரன்ஸும் ரெவர்சோவும் அன்றாடத்துக்கு. கனடா போய்ச் சேர்ந்த பிறகு வேலை தேடும்போது டெர்மியமும் கியூபெக் அகராதியும் இல்லாமல் ஒரு விண்ணப்பத்தைக்கூட அனுப்பாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டியிருந்தால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. பிரான்ஸில் நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை கேட்பார்கள். கியூபெக்கில் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் பதிவு பெற்றவர் செய்திருக்க வேண்டும். எந்த அலுவலகம் எதை ஏற்கிறது என்று முன்னாலேயே விசாரித்துக்கொண்டு, எல்லாத் தாள்களையும் சேர்த்து ஒரே மொழிபெயர்ப்பாளரிடம் ஒரே நேரத்தில் கொடுங்கள். அப்போதுதான் உங்கள் பெயரும் ஊர் பெயரும் எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வரும்.